ப்ரூஃப் பார்த்துவிட்டுப் பச்சை குத்துங்கள்

என் இடது மணிக்கட்டுக்கு மேலே ‘பெருமாலே’ என்று எழுதியிருக்கிறது. பிழை என்னுடையதில்லை. கை என்னுடையது.

கும்பகோணத்தில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் பதினோரு வருஷப் பிழைப்பு. மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால் ஐந்நூறு பத்திரிகையும் என் தலையில்தான் விழும். அதனால் யாராக இருந்தாலும் ப்ரூஃப் தாளில் ‘சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்கு அனுப்புவேன். சொந்தச் சித்தப்பாவிடமே கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான் ப்ரூஃப் பார்க்காமல் கையை நீட்டினேன்.

எங்கள் அப்பாயி உட்கார்ந்தாலும் எழுந்தாலும் ‘பெருமாளே’ என்றுதான் சொல்லும். அது போன பிறகு, கருமாதியெல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்து, ஜவுளி எடுக்கத் தஞ்சாவூர் போனேன். மாடியில் ஒரு டாட்டூ கடை போர்டு கண்ணில் பட்டது. கூட வந்த சித்தப்பா மகள் ‘வாக்கா, சும்மா பாத்துட்டு வரலாம்’ என்றாள். சும்மா பார்க்கப் போனவள் அரை மணி நேரத்தில் நாற்காலியில் இருந்தேன். கடைப் பையன் தன் செல்போனில் ஆங்கில எழுத்தில் தட்டினான். அதுவாகத் தமிழில் வந்தது. ஆங்கிலத்தில் ஒரே ‘ல்’ தானே இருக்கிறது, போனுக்கு எந்த ‘ல’ என்று எப்படித் தெரியும்? அவன் ஸ்டென்சிலை, அதாவது ஊசி போக வேண்டிய கோட்டின் நகலை, தோலில் ஒட்டும்போது நான் இன்னொரு காதில் போனை வைத்துக்கொண்டு ஒரு பூப்புனித நீராட்டு பேனருக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தேன். ‘ஓகேவாக்கா?’ என்றான். ‘ம்’ என்றேன். அந்த ‘ம்’முக்கு 1,800 ரூபாய்.

மறுநாள் காலையில் கண்டுபிடித்தது அத்தை மகன். கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘பெரு மாலா? கும்பகோணத்துல அவ்ளோ பெரிய மால் எப்ப தொறந்தாங்க?’ என்றான்.

அதற்கப்புறம் இந்த விஷயம் எப்படியோ பரவி, பச்சை குத்தப் போகிற பிள்ளைகள் எழுத்தை எடுத்துக்கொண்டு முதலில் என் கடைக்கு வருகிறார்கள். குத்திக்கொண்டு வந்து புலம்புகிறவர்களும் உண்டு. அவர்களிடம் கேட்டதையும் என் கை கற்றுக்கொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். முன்பதிவு, பேச்சுவார்த்தை எதுவும் இல்லாமல் நேரே படியேறப் போகிறவர்களுக்காக.

முதலில் நாள் குறியுங்கள்

முகூர்த்தம் பார்க்கச் சொல்லவில்லை. புதுப் பச்சை என்பது புண். மேல்தோல் ஆற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், உள்ளே முழுக்க ஆற இன்னும் ஒன்றிரண்டு மாசம். அந்த மூன்று வாரம் ஆற்றிலும் குளத்திலும் இறங்கக் கூடாது. நம் ஊரில் இது லேசான காரியமில்லை. ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வரும். ஜூலைக் கடைசியில் பச்சை குத்திக்கொண்டு படித்துறையில் வேடிக்கை மட்டும் பார்க்க உங்களால் முடியுமா? ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவை வேலை ஓடும்போதும் வேண்டாம். அம்மாப்பேட்டைப் பக்கம் சொந்தமாக டிராக்டர் ஓட்டுகிற ஒரு தம்பி, கெண்டைக்காலில் சிங்கம் குத்திய ஐந்தாம் நாள் சேற்றில் இறங்கிவிட்டான். சிங்கத்துக்கு முகம் வீங்கிச் சீழ் வைத்தது. ஆறிய பிறகு பார்த்தால் பிடரி இருந்த இடத்தில் மை இல்லை, வெறும் தழும்பு.

போலீஸ், பட்டாளம் என்று வேலைக்குத் தயாராகிறவர்கள் இன்னும் நிதானமாக யோசிக்க வேண்டும். மத்தியப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் மத்தியப் படை கான்ஸ்டபிள் தேர்வில் பச்சைக்கு என்று விதி இருக்கிறது. இடது முன்கையின் உட்பக்கம், அல்லது புறங்கை, அங்கே மட்டும்தான் இருக்கலாம். இடது ஏனென்றால் சல்யூட் அடிப்பது வலது கை. அளவும் அந்தப் பகுதியில் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். ஓட்டத்தில் ஜெயித்துவிட்டு மருத்துவப் பரிசோதனையில் கழுத்துப் பச்சையால் திரும்பி வருவதைப் போல ஒரு வயிற்றெரிச்சல் கிடையாது. விண்ணப்பிக்கப் போகும் வேலையின் அறிவிப்பை முதலில் படித்துவிடுங்கள்.

ரத்ததானம் செய்கிறவர் என்றால் ஒரு வருஷத்துக்குக் கொடுக்க முடியாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கர்ப்பமாக இருக்கிறீர்கள் என்றால் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். காது குத்திய இடத்தில் உருண்டையாகத் தழும்பு வளர்ந்தவர்களுக்குப் பச்சை குத்திய இடத்திலும் அப்படியே வளரலாம். அப்படிப்பட்டவர்கள் இந்த ஆசையை விட்டுவிடுவதுதான் நல்லது என்பேன்.

போகிற அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். குடித்துவிட்டுப் போகாதீர்கள்.

எழுத்தைத் தாளில் கொண்டுபோங்கள்

இதில் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை உண்டு.

படம் குத்துகிறவர் நல்ல கைக்காரராக இருக்கலாம். ரோஜாவுக்கு இதழ் இதழாக நிழல் போடுவார். ஆனால் தமிழ் எழுத்து வேறு சமாச்சாரம். நிறையக் கடைகளில் டிசைன் செய்கிற சாஃப்ட்வேர் தமிழுக்குச் சரியாக அமைக்கப்பட்டிருக்காது. அதில் யூனிகோடு எழுத்தை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும். ‘பெ’ என்பதில் கொம்பு ‘ப’வுக்கு முன்னால் நிற்க வேண்டும், பின்னால் போய் உட்காரும். ‘கொ’ இரண்டாகப் பிய்ந்து நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் வரும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். தமிழ் தெரிந்தவர் அதைப் பிழை என்று கண்டுபிடித்துவிடுவார். வெளி மாநிலத்துப் பையன் ஊசி பிடித்தால் அவனுக்கு அது வெறும் கோடு. கொம்பு எந்தப் பக்கம் இருந்தாலும் அவன் அழகாகவே குத்துவான்.

அதனால் எழுத்தைக் கடையில் அடிக்க விடாதீர்கள். வீட்டிலேயே, இல்லையென்றால் எந்த டிடிபி கடையிலாவது, குத்தப் போகும் அதே அளவில் தாளில் அச்செடுத்துக்கொண்டு போங்கள். அந்தத் தாளை அப்படியே ஸ்டென்சிலாக எடுக்கச் சொல்லுங்கள். போனில் அனுப்புவதென்றால் எழுத்தாக அனுப்பாமல் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ அனுப்புங்கள்.

அப்புறம் அளவு. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் ‘சின்னதா, க்யூட்டா’ என்று கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மூன்று சுழி ‘ண’, இரண்டு சுழி ‘ன’ என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? தோலுக்குள் போன மை நின்ற இடத்தில் நிற்காது. வருஷம் போகப் போகக் கொஞ்சம் கசிந்து கோடு தடிக்கும். பொடி எழுத்தில் குத்திய ‘ண’வின் மூன்று சுழியும் அடைந்து, ஐந்தாறு வருஷத்தில் மாட்டு ஈ உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். புள்ளியின் கதியும் அதுதான். எழுத்தின் தலையை ஒட்டி வைத்த புள்ளி எழுத்தோடு சேர்ந்துகொள்ளும். நான் அச்செடுத்துக் கொடுக்கும்போது எழுத்து உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல், புள்ளியை உள்ளே வெற்றிடம் இல்லாமல் நிரப்பி, வழக்கத்தைவிட ஒரு முடி தூக்கி வைத்துக் கொடுக்கிறேன். அச்சில் பார்க்க அது கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும். தோலில் சரியாகிவிடும்.

தாளைக் கையில் எடுத்ததும் பின்னாலிருந்து படியுங்கள். ப்ரூஃப் பார்க்கிறவர்களின் பழைய தந்திரம் இது. முன்னாலிருந்து படித்தால் கண் பார்ப்பதற்கு முன்பே மனசு வார்த்தையைச் சொல்லிவிடும். கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக, வாய்விட்டு: லே, மா, ரு, பெ. நான் அன்றைக்கு அப்படிப் படித்திருந்தால் முதல் எழுத்திலேயே மாட்டியிருக்கும்.

கடைக்குள்ளே

உட்காரும் முன் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். சுவரில் ஒட்டிய படங்களை நம்பாதீர்கள், அவை எங்கிருந்தோ எடுத்தவையாக இருக்கும். ‘நீங்க குத்தி ஒரு வருஷம் ஆன வேலை ஏதாவது இருந்தா காட்டுங்கண்ணே’ என்று கேளுங்கள். அன்றன்றைக்கு எடுத்த போட்டோவில் எல்லாப் பச்சையும் அழகாகத்தான் இருக்கும்.

ஊசி உறையோடு வர வேண்டும். உறையில் காலாவதித் தேதி இருக்கும். உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். மையைப் புட்டியிலிருந்து சின்ன மூடியில் ஊற்றி, வேலை முடிந்ததும் மூடியில் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். முந்தைய ஆளின் மூடியில் மிச்சமிருக்கும் கறுப்பு உங்களுக்கு வேண்டாம். கையுறை போட்ட கையால் போனை எடுத்துப் பேசிவிட்டு அதே கையால் தோலைத் தொட்டால், கையுறை போட்டதற்கே அர்த்தமில்லை. தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள். முடி மழிக்கும் ரேசரும் புதுசு. மறுபடி பயன்படுத்தும் இரும்புப் பிடி இருந்தால் ‘ஆட்டோகிளேவ் இருக்கா?’ என்று கேளுங்கள். பிரஷர் குக்கர் மாதிரி, 121 டிகிரி நீராவியில் குறைந்தது கால் மணி நேரம் வைக்கிற சாதனம். ‘டெட்டால் போட்டுக் கழுவிடுவோங்க’ என்பது பதிலில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் தாக்குப்பிடிக்கும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது; முதல் ஊசி, ஒரு மாசத்தில் அடுத்தது, ஆறாம் மாசம் மூன்றாவது. பச்சை ஆசை இருக்கிறவர்கள் அதை முதலில் போட்டுக்கொள்ளலாம்.

பலரும் கவனிக்காதது தண்ணீர். நிழல் போடுவதற்காகக் கறுப்பு மையில் தண்ணீர் கலப்பார்கள். கேன் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ கலப்பதைப் பார்த்தால் எழுந்துவிடுங்கள். தண்ணீரில் வாழும் ஒருவகைக் கிருமி அப்படியே தோலுக்குள் போய்விடும். 2011-ல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்ற ஊரில், முன்கூட்டியே கலந்து விற்ற சாம்பல் நிற மையால் 19 பேருக்குத் தோலில் தொற்று வந்தது. அங்கே மை கலக்கிய இடத்திலேயே கோளாறு. இங்கே கோளாறு பக்கத்து டீக்கடைக் கேனில் இருக்கும்.

எங்கள் அப்பாயி கையிலும் பச்சை இருந்தது. முழங்கைக்குக் கீழே புள்ளிக் கோலம், பக்கத்தில் ஒரு தேள். ‘பச்சை குத்தலையோ பச்சை’ என்று கூவி வந்த குறத்தி திண்ணையில் உட்கார்ந்து குத்தியதாம். கூலி ஒரு மரக்கால் நெல். மஞ்சளும் அகத்திக்கீரையும் துணியில் சுற்றித் திரியாக்கி எரித்துப் பிடித்த கரிதான் மை. தெருவுக்கே ஒரே ஊசி. ‘எங்களுக்கு என்னத்த ஆச்சு?’ என்று அப்பாயி கேட்கும். அதற்கு ஒன்றும் ஆகவில்லை, சரி. யாருக்கு என்ன ஆனது என்று அந்தக் காலத்தில் யார் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்?

விலையை முழுசாகப் பேசிக்கொள்ளுங்கள். ‘இஞ்ச் இவ்வளவு’ என்று போர்டில் இருக்கும். ஆனால் ஸ்டென்சிலுக்குத் தனி, கலருக்குத் தனி, மரப்புக் களிம்புக்குத் தனி என்று கடைசியில் ஏறும். ஆறிய பிறகு ஒரு தடவை மை விட்ட இடத்தைச் சரிசெய்து தருவது இந்த விலையில் அடக்கமா என்று கேட்டு, வாட்ஸப்பில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். பாதி வேலையில் ‘இந்த ஓரத்துல ஒரு இறகு போட்டா செமையா இருக்கும்’ என்று ஆரம்பித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மஞ்சளும் வெள்ளையும் நம் மாநிறத்தில் சீக்கிரமே மங்கும். சிவப்பு மை சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் வருஷக்கணக்கில் அரிக்கும்.

நாக்கைப் பிளக்கிறேன், கண்ணுக்குள் மை போடுகிறேன் என்கிற கடையில் ஒரு சின்ன நட்சத்திரம்கூடக் குத்திக்கொள்ளாதீர்கள். 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பிளந்துவிட்ட ஒரு டாட்டூ கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது. இரண்டு பேர் கைதானார்கள்.

ஸ்டென்சில் ஒட்டிய பிறகு

மொத்த விஷயமும் இந்தப் பத்து நிமிஷத்தில்தான் இருக்கிறது. ஊதா நிறத்தில் கையில் ஒட்டிய அந்தக் கோடு இன்னும் மையில்லை. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போய்விடும். ஸ்டென்சிலும் பத்து நிமிஷம் காய வேண்டியதுதான், ஆக யாருக்கும் நேர நஷ்டமில்லை.

எழுந்து நில்லுங்கள். கையைத் தொங்கவிடுங்கள், மடக்குங்கள், நீட்டுங்கள். மடக்கிய நிலையில் ஒட்டியது நீட்டினால் கோணும். எழுத்து உங்களைப் பார்க்க வேண்டுமா, எதிரில் நிற்கிறவரைப் பார்க்க வேண்டுமா என்று அப்போது முடிவு செய்யுங்கள். கண்ணாடியில் படிக்காதீர்கள், எழுத்து திரும்பித் தெரியும். செல்ஃபியும் சில போன்களில் அப்படித்தான். கூட வந்தவரை போட்டோ எடுக்கச் சொல்லி, அங்கே இல்லாத, தமிழ் ஒழுங்காக எழுதத் தெரிந்த ஒருவருக்கு அனுப்புங்கள். ‘அழகா இருக்கா?’ என்று கேட்காதீர்கள், ‘என்ன எழுதியிருக்கு, ஒவ்வொரு எழுத்தா டைப் பண்ணி அனுப்பு’ என்று கேளுங்கள். போனை மட்டும் அணைத்துவிடாதீர்கள், பதில் வர வேண்டுமே. வேறு வேலைப் பேச்சு எதுவும் அப்போது பேசாதீர்கள்.

பிழை இருந்தாலோ பிடிக்கவில்லை என்றாலோ சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘தம்பி, இத அழிச்சிட்டு மறுபடி ஒட்டுங்க.’ மூன்றாவது தடவையானாலும் சொல்லுங்கள். நம்மிடம் ஒரு கூச்சம் இருக்கிறது. ஏசி போட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டார்களே, இப்போது எப்படி வேண்டாம் என்பது என்று. பந்தியில் இலையில் போட்டதை மிச்சம் வைக்காத பழக்கம் நாற்காலியிலும் தொடர்கிறது. என்னிடம் வந்து புலம்பியவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டென்சிலைப் பார்த்தபோதே ஏதோ உறுத்தியிருக்கிறது. சொல்லவில்லை. முன்பணம் ஐந்நூறு போனால் ஆட்டோவுக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு இறங்கி வந்துவிடுங்கள்.

குத்தும்போது

வலிக்கும்தான். பொறுக்க முடியாத வலியும், துடைக்கத் துடைக்க ரத்தமும் வந்தால் ஊசி ஆழமாகப் போகிறது. மை நிற்க வேண்டியது மேல்தோலுக்குக் கீழே, ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குள். அதற்கு மேல் போனால் மை பக்கவாட்டில் பரவி, எழுத்தைச் சுற்றி நீலமாகப் புகை படிந்த மாதிரி ஆகும். மணிக்கட்டின் உட்பக்கம் தோல் மெலிசு, அங்கே இது சுலபமாக நடக்கும். என் ‘ரு’வின் வால் அப்படித்தான் இருக்கிறது. நிறுத்தச் சொல்லுங்கள், தண்ணீர் குடியுங்கள், அப்புறம் தொடரலாம். மரப்புக் களிம்பைக் கை முழுக்க அப்பிக்கொள்ளாதீர்கள். அது ரத்தத்தில் அதிகமாகக் கலந்தால் ஆபத்து.

வீட்டுக்கு வந்தபின்

மணமில்லாத சோப்பு, சுத்தமான தண்ணீர், ஒத்தி எடுக்க மெல்லிய துணி, மேலே மெல்லிசாகக் களிம்பு. மஞ்சள் பற்று வேண்டாம், விளக்கெண்ணெய் வேண்டாம், பக்கத்து வீட்டு அத்தை கொண்டுவரும் எதுவும் வேண்டாம். பக்கு உதிரும், நீங்களாக உரிக்காதீர்கள், உரித்தால் மையோடு வரும். அரித்தால் மேலே தட்டுங்கள். வெயிலில் போகும்போது தளர்ந்த முழுக்கைச் சட்டை.

மூன்று நாளுக்கு மேல் சிவப்பு குறையாமல் கூடிக்கொண்டே போனால், சூடு, சீழ், காய்ச்சல், அக்குளில் நெறி கட்டுவது என்று ஏதாவது இருந்தால், குத்தியவருக்கு போட்டோ அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். தோல் டாக்டரிடம் போங்கள்.

வேலை கெட்டுவிட்டால் அன்றைக்கே அதன் மேல் மறுபடி குத்த விடாதீர்கள். புண் மேல் புண். ஆறு எட்டு வாரம் பொறுத்து, ஆறிய தோலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதல் நாள், ஏழாம் நாள், ஆறிய பின் என்று போட்டோ எடுத்து, ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பேசியபடி நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சுத்தமில்லாத கடை என்றால் நகராட்சி சுகாதாரப் பிரிவில் எழுதிக் கொடுக்கலாம். லேசரில் அழிப்பது முடியும், ஆனால் ஒரு தடவையில் போகாது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும். கறுப்பு ஓரளவு போய்விடும். பச்சை நிறமும் மஞ்சள் நிறமும் பிடிவாதம் பிடிக்கும்.

நான் கேட்டுப் பார்த்தேன். ‘ல’வை ‘ள’ ஆக்க ஏதாவது கோடு இழுக்க முடியுமா என்று நானே கம்ப்யூட்டரில் இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். எப்படி இழுத்தாலும் ‘ள’ வரவில்லை. சாரங்கபாணி கோயிலில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் கையைப் பார்த்துவிட்டு, ‘அதனால என்னம்மா, மால்னாலும் அவர்தானே? திருமால்’ என்றார். அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது பச்சைக்கு எழுத்து அச்செடுத்துக் கொடுக்க இருபது ரூபாய் வாங்குகிறேன். பத்திரிகைக்குப் போலவே தாளின் கீழே ‘சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்து. போன வாரம் வலங்கைமானிலிருந்து ஒரு பையன் அம்மா பெயரோடு வந்தான். பின்னாலிருந்து படிக்கச் சொன்னேன், படித்தான். ‘சரிபார்தேன்’ என்று எழுதி, கீழே பெரிசாகக் கையெழுத்துப் போட்டான். புதுத் தாள் எடுத்து, பேனாவைத் திரும்ப அவன் கையில் கொடுத்தேன்.